கடற்பாசியும் லயத்துக் கோழியும்: ருவான்வெல்லைத் தோட்டப்புறத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

பட்டினப்பாலையைப் பயின்றோர் அதில் வரும் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். காவிரிப்பூம்பட்டினத்து மனையொன்றின் அகன்ற முற்றத்திலே தானியம் காய்கிறது. அதனைக் கவரவரும் கோழியை விரட்டுவதற்கு, காவலிருக்கும் மகளிர் தம் காதிலுள்ள கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். எறிந்த குழை, சிறுவர் உருட்டிவரும் முச்சக்கரச் சிறுதேரின் வழியைத் தடுக்கிறது. பட்டினத்தின் செல்வச் செழிப்பிற்கு இதனைச் சான்றாகக் காட்டுவது மரபு. அதிற் பிழையில்லை. ஆயினும் காட்சியின் நடுவே நிற்கும் கோழியைப் பற்றி எவரும் அதிகம் பேசியதில்லை. மனிதருக்கென உலர்த்திய தானியத்தைத் தின்னவந்து துரத்தப்பட்ட அக்கோழி வேறு எதைத் தின்று வாழ்ந்தது? வீட்டுக் கோழிக்குத் தீனி எங்கிருந்து வருகிறது, அதனைத் தேடிக் கொடுப்பவர் யார், அது இடும் முட்டை யாருடைய கலத்தைச் சேர்கிறது என்பன போன்ற வினாக்கள் இலக்கிய மாணவனுக்கு உரியனவல்ல எனச் சிலர் கருதக்கூடும். பொருளுற்பத்தியின் மிகச் சிறிய கூற்றிலும் சமூக உறவுகள் உறைந்திருக்கின்றன என்பதை ஏற்றுக்கொள்வோருக்கு இவை அந்நியமான வினாக்களாகத் தோன்றா.

இக்கட்டுரை கடற்பாசியை வீட்டுக் கோழிக்குத் துணைத்தீனியாகக் கொடுப்பதைப் பற்றியது. மேலைநாடுகளில் கொல்லைப்புறத்திற் கோழி வளர்ப்போருக்கெனக் கடற்பாசி மாவு பொதிகளில் அடைத்து விற்கப்படுகிறது. முட்டை பெருகும், கோது தடிக்கும், நோய் அணுகாது என்றெல்லாம் அப்பொதிகளின் மேல் எழுதப்பட்டிருக்கும். இவற்றுள் எவை உண்மை, எவை வணிகப் பேச்சு என்பதைப் பிரித்தறிந்து, கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைப் பகுதியின் ரப்பர்த் தோட்ட லயங்களுக்கு இதனாற் பயனுண்டா என்பதை நோக்குவதே எமது எண்ணம்.

கடற்பாசி என்றதும் நம்மவருக்கு முதலில் நினைவுக்கு வருவது நோன்பு துறக்கும் வேளையில் முஸ்லிம் இல்லங்களிற் பரிமாறப்படும் குளிர்ந்த களியே. அதனைத் தருவது செம்பாசி இனம். பத்தொன்பதாம் நூற்றாண்டு வணிகத்தில் ‘சிலோன் மொஸ்’ என்ற பெயரோடு கப்பலேறியதும் அவ்வினத்ததே. தாவரவியலார் கடற்பாசிகளைப் பச்சை, செம்மை, கபிலம் என நிறத்தால் மூன்றாக வகுப்பர். இலங்கைக் கரைகளின் பாசிகளைத் தொகுத்து 1961 இல் நூலாக வெளியிட்டவர் எம். துரைரத்தினம் என்ற தமிழறிஞராவார். கொழும்பு மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடாக அது வந்தது. யாழ்ப்பாணத் தீவகத்திலே கரையொதுங்கும் சாதாளையைத் தோட்டத்துக்குப் பசளையாக இடும் வழக்கமும் பழையது. ஆனால் சாதாளையிற் பெரும்பகுதி பாசியன்று. அது வேரும் பூவுமுள்ள கடற்புல். கோழித்தீனி பற்றிப் பேசுகையில் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் மறுகரையில் இப்பாசிகளுக்கு அவற்றைப் பறிக்கும் பெண்கள் இட்ட பெயர்கள் உண்டு. களி தருவது கஞ்சிப்பாசி. சற்று விலையுயர்ந்தது மரிக்கொழுந்துப் பாசி. கபில இனங்கள் கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும். நூல்களின் இலத்தீன் பெயர்களைவிட இவை பொருளை நன்கு புலப்படுத்துவன. கையிலே துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கிப் பாறைகளில் இருந்து பாசியைப் பறித்துவரும் அப்பெண்களின் உழைப்பை அகார், அல்ஜினேற்று ஆலைகளுக்குச் சரக்கனுப்பும் இடைத்தரகர் மலிவாக வாங்கினர். 1986 இல் வளைகுடாவின் தீவுகள் தேசியக் கடற்பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டபோது, தாம் தலைமுறையாகத் தொழில் செய்த இடத்திலேயே அவர்கள் அத்துமீறுவோர் ஆயினர். பின்னர் அவர்கள் தம்மிடையே கூடி, மாதத்தில் இத்தனை நாளே பறிப்பது என்ற வரையறையைத் தாமே வகுத்துக்கொண்டனர். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்து லட்சுமி என்ற பாசி பறிக்கும் பெண்மணிக்கு 2015 இல் சீக்காலஜி என்னும் பன்னாட்டுச் சூழல் விருது கிடைத்தது இவ்வகை முயற்சிகளுக்காகவே.

இக்கரையில் இருந்து சிறிது தூரத்தில் உள்ள மண்டபம் என்ற ஊர் மலையகத் தமிழரின் வரலாற்றில் வேறொரு காரணத்தால் நிலைபெற்றது. இலங்கைத் தோட்டங்களுக்கு வரவிருந்த தொழிலாளர் தொற்றுநோய்த் தடுப்பின் பெயரால் அங்கிருந்த முகாமிலே தடுத்துவைக்கப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் திருப்பி அனுப்பப்பட்டோரை எதிர்கொண்டதும் மண்டபம் முகாமே. இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947 இல் தொடங்கப்பெற்று, 1971 இல் கொச்சிக்குப் பெயரும்வரை மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. கடற்பாசி ஆராய்ச்சியின் பெரும்பகுதி அங்கேயே நிகழ்ந்தது. ருவான்வெல்லை லயத்தில் இன்று கோழிக்கூட்டைத் திறந்துவிடும் பெண்ணின் பாட்டி, தன் பேர்த்தியின் கோழிகளுக்கு உதவக்கூடிய இப்பொருள் கரையொதுங்கிக் கிடந்த கடற்புறத்தின் வழியேதான் இந்நாட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

இனி, கோழியின் உடலில் பாசி என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

முதலிற் கூறவேண்டியது அயடீன். இத்தனிமம் கண்டறியப்பட்டதே கடற்பாசியிலிருந்துதான். 1811 இல், நெப்போலியனின் போர்களுக்கு வெடியுப்புத் தயாரித்துக்கொண்டிருந்த பேர்னார் கூர்த்துவா என்ற பிரெஞ்சுக்காரர், பாசிச் சாம்பலில் அமிலத்தை அளவுக்கு மிஞ்சி ஊற்றியபோது ஊதா நிற ஆவி எழக் கண்டார். போர்க்களத்துக்காகப் பாசியை எரித்த தொழிலே மருத்துவத்துக்கு இப்பொருளைத் தந்தது. 1820 இல் ஜெனீவா மருத்துவரான குவாந்தே முன்கழுத்துக் கழலைக்கு அதனை மருந்தாக்கினார். கோழிக்கும் மனிதனைப் போலவே தைரொயிட்டுச் சுரப்பிக்கு அயடீன் தேவை. தேவைக்கு மேற்பட்டது மஞ்சட்கருவிற் சேர்கிறது. சாதாரண முட்டையொன்றில் ஏறத்தாழ 25 மைக்ரோகிராம் அயடீன் இருக்கும். தீனியிற் பாசி சேரும்போது இது பன்மடங்காகக் கூடும். வளர்ந்தவருக்கு ஒருநாட் தேவை 150 மைக்ரோகிராம், கருவுற்ற பெண்ணுக்கு 250 என்பதை இதனோடு ஒப்புநோக்கலாம்.

ஆனால் இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோழியொன்று நாளுக்கு 100 கிராம் வரை தீனி உண்கிறது எனக் கொள்வோம். அதில் நூற்றுக்கொரு பங்கு, அதாவது 1 கிராம், உலர்ந்த பாசித்தூள். அப்பாசியில் கிலோவொன்றுக்கு 300 மில்லிகிராம் அயடீன் இருப்பின், அந்த ஒரு கிராமில் 0.3 மில்லிகிராம் கிடைக்கும். தீனியின் கணக்கில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராம். முட்டைக்கோழித் தீனிக்கு ஐரோப்பிய நாடுகள் விதித்துள்ள உச்சவரம்பு கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஆகையால் இது அடக்கமான அளவே. குளிர்கடலிற் படர்ந்து வளரும் பெரும் கபிலப் பாசிகளிலோ கிலோவுக்கு 4000 மில்லிகிராம் அளவிற்கும் அயடீன் காணப்படலாம். அதே ஒரு கிராம் அப்பொழுது வரம்பின் எட்டு மடங்காகிவிடும். மிகப் பெருமளவு அயடீன் ஊட்டப்பட்ட கோழிகள் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டதும், ஊட்டலை நிறுத்தியபின் மீண்டும் இடத் தொடங்கியதும் ஆய்வுகளிற் பதிவாகியுள்ளன. எந்தப் பாசி என்று கேளாமல் “பாசி நல்லது” என்பவரின் ஆலோசனையை ஏற்கலாகாது.

இரண்டாவது மஞ்சட்கருவின் நிறம். நோர்வே நாட்டார் கபிலப் பாசி மாவை முட்டைக்கோழிகளுக்கு ஊட்டி 1950களிலும் 60களிலும் இதனை விரிவாக ஆராய்ந்தனர். பாசியிலுள்ள நிறப்பொருள் கோழியின் உடலிலே மாற்றமுற்று மஞ்சட்கருவை அடைகிறது. நிறத்தை ஊட்டத்தோடு ஒன்றாக்கி மயங்குதல் கூடாது. கடும் மஞ்சள் நிறக்கரு சத்து மிகுந்ததென நம்புவது வாங்குவோரின் பழக்கம். அதற்கு விலை கொடுப்பவரும் அவரே.

மூன்றாவதாகச் சொல்லப்படும் கோதின் உறுதி பெரும்பாலும் மிகைக்கூற்று. ஒரு முட்டைக் கோதுக்குக் கோழி 2 கிராம் அளவு கல்சியத்தைச் செலவிடுகிறது. ஒரு கிராம் பாசித்தூளில் இருப்பதோ சில பத்து மில்லிகிராம் மட்டுமே. கோது மெலிந்தால் கொடுக்க வேண்டியது சிப்பித்தூள்; அது இல்லாவிடத்து வறுத்து இடித்த முட்டைக்கோது. புரதத்துக்கும் பாசியை நம்பியிருக்க முடியாது. அதற்குப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் புழுபூச்சியுமே வழி.

நான்காவது குடல்நலம். இது புதிய ஆய்வுத்துறை; இங்கு நம்பிக்கைக்கு ஓரளவு இடமுண்டு. கனடாவில் 2014 இல் வெளிவந்த ஆய்வொன்று, இருவகைச் செம்பாசிகளை நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேற்படாது ஊட்டியபோது கோழிக்குடலில் நன்மைதரும் நுண்ணுயிர்கள் பெருகியதையும், குடலழற்சிக்குக் காரணமான சில நுண்ணுயிர்கள் குறைந்ததையும் எடுத்துக்காட்டியது. கோழியாற் செரிக்க இயலாத பாசியின் பிசின்சத்து, குடலின் இறுதிப்பகுதியில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாவதே இதற்குக் காரணம். அதே பிசின்சத்தும் உப்பும் அளவு மீறினால் எச்சம் நீர்த்துக் கூடு நாறும் என்பது இதன் மறுபக்கம். குடல்நலம் வேறு, கொள்ளைநோய்த் தடுப்பு வேறு. ரனிக்கெற் நோய் ஒரு லயத்துக் கோழிகளை ஒரு கிழமையில் வாரிக்கொண்டு போகவல்லது. அதற்குத் தடுப்பூசியே காப்பு. பாசி வாங்கக் காசிருந்து தடுப்பூசிக்கு இல்லையென்றால் ஊசியைத்தான் முதலிற் போடவேண்டும்.

பயன்படுத்தும் முறை எளிது. கரையில் அழுகிக் கிடப்பதை விடுத்து, பிடுங்கிய பசும்பாசியையோ நன்கு காய்ந்த சரக்கையோ எடுக்க வேண்டும். நன்னீரில் இரண்டு மூன்று தடவை அலசி மணலையும் உப்பையும் போக்க வேண்டும். வட ஆபிரிக்கப் போரிலே தீவனம் அற்றுப்போனபோது சீசரின் படையினர் பாசியை நன்னீரிற் கழுவிக் குதிரைகளுக்குக் கொடுத்தனர் என்ற செய்தி உண்டு. கழுவுதலின் அவசியம் அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. பின்னர் நிழலும் வெயிலும் மாறிமாறிப்படக் காயவைத்து, இடித்துச் சலித்து, காற்றுப்புகாத போத்தலில் இடலாம். ருவான்வெல்லையின் மழையில் கடைசிச் சொன்னதே கடினமானது. கழிவுநீர் கலக்கும் முகத்துவாரங்களில் வளர்ந்த பாசி ஆகாது. கபில இனங்கள் சிலவற்றில் ஆசனிக்கு மிகுந்திருக்கும் ஆகையால் அவற்றை நெடுங்காலம் இடைவிடாது கொடுத்தலும் ஆகாது.

ருவான்வெல்லை களனி கங்கைப் பள்ளத்தாக்கில் அமைந்தது. ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் ஈரவலயம். கடல் வெகுதூரத்தில் இல்லை. எனினும் கழலைநோய் இந்நாட்டிற் பரவலாகக் காணப்பட்டது கடலைத் தொட்டும் அடுத்தும் கிடக்கும் இத்தென்மேற்கு ஈரவலயத்திலேதான். 1980களின் பிற்பகுதியில் பதினேழு மாவட்டங்களின் பள்ளிச் சிறுவரிடையே எடுக்கப்பட்ட கணிப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேரிடம் கழலை காணப்பட்டது. கடலோரக் களுத்துறையில் அது 30 ஆக இருந்தது. கடலருகாமை மட்டும் அயடீனைத் தந்துவிடுவதில்லை. மழை மண்ணை அரித்துச் செல்கிறது. எஞ்சியதைக் களியும் மக்கிய சருகும் பற்றிக்கொள்வதால் பயிருக்குக் கிடைப்பது சொற்பம். 1995 இல் உணவுப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமானபின் நிலைமை பெரிதும் திருந்தியது. ஆகவே பாசிமுட்டையைக் கழலைக்கு மருந்தென இன்று விற்க முனைவோர் காலங்கடந்த சரக்கை விற்போரே.

துணையுணவு என்ற கருத்துக்கு இம்மாவட்டத்தில் ஒரு வரலாறு உண்டு. 1934–35 இல் மலேரியாக் கொள்ளைநோயால் நாடெங்கும் 80,000 பேர் வரை மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. கேகாலை மிகக் கொடிதாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. அங்கு நிவாரணப் பணிக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தார், நோயின் கொடுமையைப் பன்மடங்காக்கியது பட்டினியே என்பதைக் கண்டனர். மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலியோர் மார்மைற் என்ற ஈஸ்ற்றுச் சாற்றை நாட்டுவைத்தியரின் குளிகைபோல் உருட்டிக் கொடுத்தனர். என். எம். பெரேரா பருப்பு விநியோகித்தமையால் மக்கள் அவரைப் ‘பருப்பு மாத்தயா’ என்றே அழைக்கலாயினர். 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சி உருவானது. மறு ஆண்டு அவர் அரசாங்க சபைக்குத் தெரிவானது ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்தாகும். குளிகையைக் கொடுத்த கை பருப்பையும் கொடுத்தது என்பதும், அத்தோடு நில்லாமல் பட்டினிக்குக் காரணமென்ன என்று கேட்டது என்பதும் இங்கு கருதத்தக்கன. பருப்பில்லாத குளிகையாற் பயனில்லை. கோழிக்கும் இவ்விதி பொருந்தும். தவிடும் குறுணலும் போதாத கோழிக்குப் பாசித்தூளைத் தூவுவது வெறும் சடங்கு.

அப்படியாயின் லயத்துக் கோழியின் அடிப்படைத் தீனி எது? காலையில் ஒரு பிடி குறுணல், தேங்காய்ப்பூவின் சக்கை, சோற்றுப் பருக்கை, பிறகு தானே கிளறித் தேடும் கறையானும் புழுவும். நெத்தலித் தலையும் கருவாட்டுச் செதிலும் உண்டு. கடலின் சத்து இந்த வழியில் சிறிதளவேனும் ஏற்கெனவே லயத்துக் கோழியைச் சென்றடைந்துகொண்டுதான் இருக்கிறது. ரப்பர் விதைப் புண்ணாக்கைக் கோழித்தீனியாக்க முடியுமா என 1970 அளவில் இந்நாட்டு ஆய்வாளர் ஆராய்ந்தனர். பச்சை விதையிலுள்ள நஞ்சை அகற்றியே அதனைக் கொடுக்க வேண்டியிருந்தமையால் அது லயத்து அடுப்பங்கரை வரை வந்து சேரவில்லை. காலடியிலே விதை சிதறிக் கிடக்க, கோழித்தீனிக்கு வேண்டிய சோளத்துக்கு அந்நியச் செலாவணியை நம்பியிருந்தோம். 2022 இல் செலாவணி வற்றியபோது அதன் விளைவைக் கண்டோம். அவ்வாண்டு ஆகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என அரசு உச்சவிலை விதித்தது; மறு ஆண்டு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டது. தேயிலை, ரப்பர்த் தொழிலாளருக்கு 2021 முதல் நிர்ணயிக்கப்பட்டிருந்த நாட்கூலி 1000 ரூபா. கட்டுப்பாட்டு விலைக்கே கிடைத்ததென்று வைத்துக்கொண்டாலும், முழுநாட் கூலிக்கு 23 முட்டை. வேறெதுவும் வாங்காத குடும்பம் இருந்தால் அதற்கு இக்கணக்குப் பொருந்தும்.

இந்நிலையில் கோழி வளர்ப்பது குடும்பத்துக்கு ஆதாரமாகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஆதாரம் யாருடைய உழைப்பால் வருகிறது என்பதையும் நோக்க வேண்டும். பால்வெட்டுக்கு விடியுமுன் போகவேண்டிய பெண், அதற்கும் முன் எழுந்து கூட்டைத் திறக்கிறாள்; திரும்பி வந்து தீனி வைக்கிறாள்; அந்தியில் கோழிகளை எண்ணி அடைக்கிறாள். இவ்வுழைப்பு எந்தச் செக்ரோலிலும் பதியப்படுவதில்லை. கூலி போதாமையை முட்டை ஈடுசெய்யுமளவுக்குக் கூலியைத் தாழ்த்தி வைத்திருக்கவும் முடிகிறது. தொழிலாளியின் உழைப்புச்சக்தியை மீண்டும் உருவாக்கும் செலவில் ஒரு பங்கைக் கோழியும் பெண்ணும் சேர்ந்து சுமக்கின்றனர். கோழி மேயும் முற்றமோ அவளுடையதன்று. 1972 இலும் 1975 இலும் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களினூடே லயத்து வாசல் லயத்தாருக்கு உரித்தாகவில்லை. இக்கட்டுரையாளர் சிறுவனாக இருந்த தோட்டமொன்றில், கன்றுமேடையைக் கோழிகள் கிளறுகின்றன என்று கூறி அவற்றை ஒரு கிழமைக்குள் அகற்றுமாறு கட்டளை வந்தது. எங்கள் வீட்டில் ஏழு கோழிகள் இருந்தன. ஐந்தை விற்றார்கள், இரண்டை அறுத்தார்கள். அறுத்ததைச் சாப்பிட அன்று அம்மா மறுத்தது நினைவிருக்கிறது.

முதலாளித்துவ வேளாண்மை மண்ணுக்கும் மனிதனுக்கும் இடையிலான பொருட் பரிமாற்றத்தைக் குலைக்கிறது, மண்ணையும் உழைப்பாளியையும் ஒருங்கே சூறையாடியே அது முன்னேறுகிறது என்று மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த மூலதனத்தின் முதற்பாகத்தில் விளக்கினார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ரப்பரும் தேயிலையும் இம்மண்ணின் சத்தைத் துறைமுகத்துக்கு இறக்கிக்கொண்டே வந்திருக்கின்றன. கடலிலிருந்து ஒருபிடி சத்து எதிர்த்திசையில் மலையேறுவது விரும்பத்தக்கதே. ஆனால் அதனையும் பொதியாக்கி விலை குறித்துவிட்டால் மலையேறுவது பாசியாக இராது, கடனாகவே இருக்கும்.

தேவைப்படும் அளவு மிகச் சிறிது என்பதை இவ்விடத்தில் நினைவூட்ட வேண்டும். பத்துக் கோழிகளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம். ஓராண்டுக்கு மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். லயமொன்றின் பன்னிரண்டு காம்பராக்களிலும் பத்துப் பத்துக் கோழிகள் இருந்தாலுங்கூட ஒரு சாக்கு மூட்டையில் ஆண்டுத் தேவை அடங்கிவிடும். வட மாகாணக் கரையிலே, கிளிநொச்சி மாவட்டத்து வலைப்பாடு முதலிய இடங்களில், செம்பாசி வளர்ப்பு நடைபெற்று வந்திருக்கிறது; காய்ந்த சரக்கு பெரும்பாலும் ஏற்றுமதிக்கே செல்கிறது. கயிற்றிலே பாசி கட்டும் கடற்கரைப் பெண்களின் சங்கமும் தோட்டத்து மாதர் சங்கமும் நேரடியாகக் கொடுத்து வாங்கினால் இடைத்தரகனுக்கு வேலையில்லை. அவ்வாறு ஒன்று இன்னும் நடந்ததாக இல்லை. நடப்பதற்குத் தடையாக இருப்பது தூரமன்று.

இவ்வகைச் செம்பாசி கொஞ்சத்தை இக்கட்டுரையாளர் சென்ற ஆண்டு வடக்கிலிருந்து கொண்டுவந்து தம் தாயாரிடம் கொடுத்தார். இதனை ஆய்வெனக் கூறத் துணியோம். அலசாமற் போட்ட முதல்நாள் கோழிகள் அதனைத் தொடவில்லை. “மீன் வாடை அடிக்கிறத எந்தக் கோழிப்பா திங்கும்?” என்றார் அம்மா. பின்பு அவரே அதனை மூன்று தண்ணீரிற் கழுவிக் காயவைத்து அம்மியில் நுணுக்கி, தேங்காய்ச் சக்கையிற் பிசைந்து, கோழிகள் அறியாதவாறு கொடுத்துத் தின்னச் செய்தார். ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பின் அவரது முடிவு இதுதான்: எச்சம் கெட்டியாக இருக்கிறது, முட்டை கூடவுமில்லை, குறையவுமில்லை, மஞ்சட்கரு மாறியதாகத் தெரியவில்லை, முருங்கையிலை போட்டபோது இதைவிடச் சிவந்தது. நிறப்பொருள் குறைந்த இனமொன்றையே கொடுத்தோமாகையால் இம்முடிவு எதிர்பார்க்கத்தக்கதே. கட்டக்கோரையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று கூறியபோது, அதனைத் தான் கழுவ மாட்டேன், வேண்டுமானால் நீயே வந்து கழுவிக் கொடு என்றார்.